பனியாற்றின் மேல் ஒரு நிமிடம்

ஜூலை 9, புதன்

கனடாவில் மகள் வீட்டுக்கு, கால்கரிக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்றுதான் எழுத உட்கார முடிந்தது. மில்லில் சூப்பர்வைசராக இருந்த காலம் தொட்டு நாளுக்கு நாலு வரியாவது எழுதிவிடுவது என் வழக்கம். போன ஐப்பசியில் என் மனைவி ருக்குமணி இறந்ததற்குப் பிறகு அது விட்டுப்போயிற்று. “எழுதுங்கப்பா, பொழுதாவது போகும்” என்று மகள் சுகந்திதான் இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறாள்.

ஊர் நன்றாகத்தான் இருக்கிறது. மனிதர்கள்தான் சரியில்லை. யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. கடையில் பில் போடுகிற பெண் உதட்டை மட்டும் அசைக்கிறாள். என்ன என்று கேட்டால் மறுபடியும் உதட்டை அசைக்கிறாள். சுகந்திக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. உடுமலையில் இருந்தபோது அவள் தெருமுனையில் நின்று பேசினால் வீட்டுக்குள் கேட்கும். இப்போது சமையலறையில் நின்றுகொண்டு கூடத்தில் இருக்கிற என்னிடம் முணுமுணுக்கிறாள். “உரக்கப் பேசு கண்ணு” என்றால், “உரக்கத்தானுங்கப்பா பேசறேன்” என்கிறாள். மாப்பிள்ளை நவநீதன் இன்னும் மோசம். தாடி வேறு. தாடிக்குள்ளேயே ஆரம்பித்துத் தாடிக்குள்ளேயே முடித்துவிடுகிறார்.

ஒரே நல்ல செய்தி, சனிக்கிழமை மலைப்பக்கம் ஒருநாள் சுற்றுலாவுக்குப் பதிவு செய்திருக்கிறாள். கைடு வைத்துக் கூட்டிப்போவார்களாம். நாலைந்து ஏரிகள், கடைசியில் பனியாறு, ஆறு மாதிரி உறைந்து கிடக்கிற பனிக்கட்டி. அதன் மேலேயே இறங்கி நடக்கலாமாம். மில்லில் நூற்கிற மெஷின்கள் ஓடுகிற ரிங் ஃப்ரேம் டிபார்ட்மெண்டில் நூல் அறக்கூடாது என்று வருஷம் முழுக்கப் புழுக்கத்தை வைத்திருப்பார்கள். அந்தப் புழுக்கத்தில் முப்பத்தி நாலு வருஷம் வெந்தவன் நான். ஒருதரமாவது பனிக்கட்டி மேல் நிற்க வேண்டும்.

ஜூலை 10, வியாழன்

டிவியில் சத்தமே வரவில்லை. ரிமோட்டில் ஏற்றி ஏற்றி வைத்தேன். மாப்பிள்ளை மாடியிலிருந்து இறங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் பாதியாகக் குறைத்துவிட்டுப் போனார். ஆபீஸ் போன் பேசுகிறாராம். என் வீட்டில் நான் டிவி பார்க்கிறபோது யாரும் குறைத்ததில்லை. இது என் வீடு இல்லை, அதுதான் விஷயம்.

ஜூலை 12, சனி

காலை ஐந்துக்கே எழுந்து குளித்துத் தயாராக இருந்தேன். சுற்றுலா ரத்து. மேற்கே எங்கோ காடு எரிகிறதாம், மலையெல்லாம் புகையாம். அடுத்த சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். புகையை எனக்குக் காட்டியிருந்தால் நானே முடிவு செய்திருப்பேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வானம் சுத்தமாகத்தான் தெரிகிறது.

ஜூலை 13, ஞாயிறு

சுகந்தி காப்பி குடிப்பதை நிறுத்திவிட்டாள். கேட்டால் வயிறு சரியில்லை என்கிறாள். காலையில் பாத்ரூமில் வெகுநேரம் இருந்தாள்.

மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இங்கே மெஷின் இருக்கிறது, ஆனாலும் குழாயைத் திறந்துவிட்டுக் கையால் கழுவினால்தான் எனக்குத் திருப்தி. சுகந்தி பக்கத்தில் வந்து நின்றாள். துண்டை எடுத்து ஒரு தட்டைத் துடைத்தாள். அதே தட்டை மறுபடியும் துடைத்தாள். அப்புறம் என்னவோ சொன்னாள். நான் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையிலேயே மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் எனக்குப் பனிக்கான கோட்டு பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று புரிந்தது.

“இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு கண்ணு? ஒண்ணும் வேண்டாம். வீண் செலவு” என்றேன்.

அவள் தட்டை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். திரும்பிப் பார்த்தேன், கண் கலங்கியிருந்தது. பிறகு மாடிக்குப் போய்விட்டாள். சாயங்காலம்வரை கீழே வரவில்லை. ஒரு கோட்டு வேண்டாம் என்று சொன்னதற்கா இவ்வளவு? வாங்கித் தர ஆசைப்பட்டாள், மறுத்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக அப்பனிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வதா? ஏழு வருஷம் வெளிநாட்டில் இருந்தால் இப்படித்தான் ஆகிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

இன்றைக்கு மாப்பிள்ளையும் ஆரம்பித்துவிட்டார். அவர் ஓட்டுகிற காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரோட்டைப் பார்த்தபடியே நீளமாக என்னவோ பேசிக்கொண்டு வந்தார். நடுநடுவே “ம்” போட்டேன். சிக்னலில் வண்டி நின்றதும் முகத்தைத் திருப்பி, “நீங்க அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமுங்க மாமா. ரெண்டு நாளா அவ சாப்பிடவே இல்லை” என்றார். இது மட்டும் தெளிவாகக் கேட்டது.

“எனக்கு வேண்டாம்னா வேண்டாம்தான் மாப்பிள்ளை. அதுல மாத்தமில்லை” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியவில்லை. நான் என்னவோ கொலை செய்தவன் மாதிரி. பின்னால் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான் போல, திடுக்கிட்டு வண்டியை எடுத்தார். 

ஒரு கோட்டுக்கு இத்தனை ரகளை.

ஜூலை 16, புதன்

காலிங் பெல் ரிப்பேர். பார்சல்காரன் வந்து அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். “வீட்லதானுங்களே இருந்தீங்க?” என்று சுகந்தி கேட்டாள். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். பெல் அடிக்கவில்லை. மாப்பிள்ளை வெளியே போய் அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, “அடிக்குதுங்களே” என்றார். அவர் அழுத்தும்போது மட்டும் அடிக்கிறதோ என்னவோ.

ஜூலை 17, வியாழன்

பொறுத்துப் பார்த்துவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது இரண்டு பேரும் தங்களுக்குள்ளேயே தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறார்கள். நான் நிமிர்ந்தால் நிறுத்திவிடுகிறார்கள். சுகந்தியிடம் சொல்லிவிட்டேன், “ஆகஸ்ட் கடைசிவரைக்கும் எதுக்கு? டிக்கெட்டை முன்னாடி மாத்திக் குடு கண்ணு. நான் ஊருக்குப் போறேன்.”

எதிர்த்துச் சொல்வாள் என்று நினைத்தேன். “சரிங்கப்பா. சனிக்கிழமை அந்த டூர் மட்டும் போயிட்டு வந்துரலாம்” என்றாள். அவ்வளவுதான்.

ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. இருந்தால் என்ன, நம் வீடு.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று நடந்தது முழுவதையும் எழுத வேண்டும். விட்டால் எனக்குச் சாதகமாக மாற்றி நினைத்துக்கொள்வேன்.

மாப்பிள்ளைக்கு வேலை இருந்ததால் நானும் சுகந்தியும் மட்டும்தான் போனோம். அவர் தன்னுடைய கோட்டையே எனக்குக் கொடுத்தார். அப்படியென்றால் புதிதாக வாங்குகிற பேச்சே தேவைப்பட்டிருக்காது. பஸ்ஸில் ஏறியதும் சுகந்தி, “எனக்குப் பின்னாடி உக்காந்தா கொமட்டுமுங்கப்பா” என்று முன்சீட்டில் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்குக் கடைசிக்கு முந்தின வரிசை. அப்பனோடு உட்காரப் பிடிக்கவில்லை, அதற்குக் குமட்டல் ஒரு சாக்கு என்று நினைத்தேன்.

கைடு பெயர் காலின். முப்பது வயதுப் பையன். மைக்கை வாய்க்குள் திணிப்பது மாதிரி பிடித்துக்கொண்டு, புறப்பட்ட நிமிஷத்திலிருந்து பேசினான். எனக்குக் கொரகொரப்பு மட்டும்தான் வந்தது. பஸ் முழுக்கச் சிரித்தது. எதற்கென்று தெரியாமல் இரண்டு தடவை நானும் சிரித்தேன். மூன்றாவது தடவை சிரித்தபோது வேறு யாரும் சிரிக்கவில்லை, ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பக்கத்து சீட்டில் ஒரு கொரியாக்காரர், என் வயசுதான். நெஞ்சைத் தொட்டு “பாக்” என்றார். அவருக்கு ஆங்கிலம் வராது. எல்லாவற்றையும் கையாலேயே சொன்னார். இரண்டு வாரமாக இந்த ஊரில் எனக்கு ஒழுங்காகப் புரிந்த ஒரே ஆள் அவர்தான். எங்கள் மில்லிலும் அப்படித்தான். அத்தனை ஆயிரம் நூல் சுற்றும் கதிர்கள் ஒன்றாகச் சுற்றுகிற இடத்தில் வாயால் பேசி என்ன பிரயோசனம், நாங்களும் கையாலேயே பேசிக்கொள்வோம்.

முதல் ஏரி லூயிஸ் ஏரி. அதன் நிறத்தைப் பார்த்ததும் எவனோ சாயப்பட்டறைக்காரன் கழிவைத் திறந்துவிட்டான் என்றுதான் தோன்றியது. நொய்யல் ஆற்றில் பார்த்திருக்கிறேனே. ஆனால் இது அழுக்கு இல்லை. மேலே மலை, அதன் மடியில் வெள்ளையாகப் பனி, கீழே பச்சையும் நீலமும் கலந்து தண்ணீர் அசையாமல் நிற்கிறது. காலின் நீண்ட விளக்கம் கொடுத்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பாக்கைப் பார்த்தேன். அவர் ஒரு உள்ளங்கையின் மேல் இன்னொரு கையை வைத்து அரைத்துக் காட்டினார். மலையைக் காட்டினார், விரல்களால் மாவு உதிர்வதைப் போலக் காட்டினார், பிறகு ஏரியைக் காட்டினார். பனி பாறையை அரைக்கிறது, அந்த மாவுதான் தண்ணீரில் மிதந்து இந்த நிறத்தைத் தருகிறது. இரண்டு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. ஆனால் பாருங்கள், அவருக்கு இதை யார் சொன்னது? அவர் மனைவி பக்கத்தில் நின்று கைடு சொன்னதைக் கொரிய மொழியில் அவர் காதில் போட்டுக்கொண்டே வந்தாள். அவருக்கு ஆள் இருந்தது.

சுகந்தி கரையில் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தாள். போட்டோ எடுக்கலாமா என்று கேட்டேன். வந்து நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொருவர் நிற்கலாம்.

அடுத்தது போ ஏரி. பெயரே போ. காலின் பஸ்ஸை நிறுத்தி, எத்தனை நிமிஷம் என்று சொன்னான். ஃபிஃப்டி என்று என் காதில் விழுந்தது. ஐம்பது நிமிஷம். போ என்றார்கள், போனேன். கரையோரப் பாதையில் காலாற நடந்தேன். கூட்டமில்லை. ஒரு வளைவில் திரும்பினால் பஸ் மறைந்துவிடுகிறது. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தண்ணீரில் கையை வைத்தேன். எலும்புக்குள் ஏறியது குளிர். வந்ததிலிருந்து அந்த அரைமணி நேரம்தான் எனக்கு யார் மேலும் கோபமில்லாமல் இருந்தது.

யாரோ தோளைத் தொட்டார்கள். சுகந்தி. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், முகம் வெளுத்திருந்தது, ஒரு கையை இடுப்பில் ஊன்றியிருந்தாள். பின்னால் காலினும் வந்துகொண்டிருந்தான்.

“பதினஞ்சு நிமிசமுங்கப்பா. பதினஞ்சு. பின்னாடியிருந்து எவ்ளோ தடவை கூப்பிட்டேன்.”

“அம்பதுன்னு சொன்னான்.”

“பதினஞ்சுன்னு சொன்னாருங்கப்பா.”

“தெளிவாச் சொல்லணும். ரெண்டுக்கும் ஒரே மாதிரி வாயை அசைச்சா மனுசன் என்ன பண்ணுவான்?”

பஸ்ஸில் ஏறியபோது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. என்னால் அடுத்த இடத்தில் நிற்காமல் நேராகப் பனியாற்றுக்குப் போகும்படி ஆகிவிட்டதாம். பாக் மட்டும் என் முழங்காலைத் தட்டினார். எனக்கு அவமானமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஆத்திரம் காலின் மேல். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

பனியாற்றுக்கு வேறு வண்டி. அதன் சக்கரம் என்னைவிட உயரம். அது உறுமிக்கொண்டு பனிமேல் ஏறிப் போய் நடுவில் நின்றது. இறங்கினோம். நாலு பக்கமும் ஆரஞ்சுக் கூம்புகள் வைத்துக் கயிறு கட்டியிருந்தது. அதற்குள்ளேயே நிற்க வேண்டும் என்று இறங்குமுன் சொல்லியிருப்பான். எனக்கு அது கேட்கவில்லை. கயிறு கண்ணுக்குத் தெரிந்ததே என்று இப்போது கேட்டால், தெரிந்தது. ஒரு ஓரத்தில் கயிறு தரையோடு கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி நீல நிறத்தில் மெல்லிய ஓடை ஒன்று தெரிந்தது. பாட்டிலில் பிடித்து ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம் என்று நடந்தேன்.

நாலடி வைத்திருப்பேன். பின்னாலிருந்து யாரோ என் மேல் விழுந்தமாதிரி கட்டிப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு பேருமாகப் பனிமேல் விழுந்தோம். காலின். என் கோட்டுக் காலரை விடவே இல்லை. முகம் சிவந்து என்னவோ கத்தினான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அறைந்திருப்பேன். அறுபத்தி மூன்று வயது மனுஷனைத் தொட்டு இழுக்க இவன் யார்?

அவன் எழுந்து, பனியைக் குத்திப் பார்க்கிற நீளக் கம்பியை எடுத்து நான் அடுத்த அடி வைக்க இருந்த இடத்தில் ஊன்றினான். மேலே பஞ்சுமாதிரி இருந்த பனி பொலபொலவென்று உள்ளே போய்விட்டது. கீழே பிளவு. கருநீலம், அதற்கப்பால் இருட்டு. அடி தெரியவில்லை.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்தபோது சுகந்தி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

“நான் கத்தினேனுங்கப்பா. தொண்டை கிழியக் கத்தினேன். அவுரும் கத்தினாரு. எல்லாரும் கத்தினாங்க. நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருந்தீங்க.”

“காத்து இந்தப் பக்கமா அடிக்குது. எப்படிக் கேக்கும்?”

காற்றே இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவளுடைய துப்பட்டா அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் எல்லோரும் கலைந்து போட்டோ எடுத்தார்கள். நான் கூம்புக்குப் பக்கத்தில் தண்டனைக்கு நிறுத்தியவன் மாதிரி நின்றேன். பிறகு காலின் எல்லோரையும் வட்டமாகக் கூப்பிட்டான். வண்டியின் என்ஜினை அணைக்கச் சொன்னான். உதட்டின் மேல் விரலை வைத்து, காலுக்குக் கீழே காட்டினான். ஒரு நிமிஷம் பேசாமல் இருங்கள், கவனியுங்கள் என்கிறான். இது எனக்குப் புரிந்தது.

எல்லோரும் அசையாமல் நின்றார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். பாக் குனிந்து கிட்டத்தட்டப் பனியில் காதை வைத்தார். அவர் முகம் மெல்ல விரிந்தது. மனைவியைப் பார்த்துத் தலையை அசைத்தார். சுகந்தியைப் பார்த்தேன். ஒரு வாரமாக இறுகிக் கிடந்த முகம் தளர்ந்து, சின்ன வயதில் பாட்டு கேட்கிறபோது வாய் லேசாகத் திறந்திருக்குமே, அப்படி இருந்தது. எல்லோருக்கும் ஏதோ ஒன்று வந்து சேர்ந்துகொண்டிருந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை. எப்போதும் இருக்கிற அந்த ‘ங்ஙீ’ என்கிற இரைச்சல்தான் இருந்தது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தாலும் ரிங் ஃப்ரேம் காதுக்குள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ரிட்டையரான பிறகும் இருக்கிறது. சத்தமில்லாமல் இருப்பது என்றால் எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

சுகந்தியின் கையைத் தொட்டேன்.

“என்ன கண்ணு கேக்குது?”

அவள் என் முகத்துக்கு நேராகத் திரும்பினாள். “தண்ணிங்கப்பா. ஐஸுக்கு அடியில ஓடுது. நல்லாக் கேக்குதே.”

வழக்கம்போல “ஆமாமா” என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அந்தப் பிளவு கயிற்றுக்கு அந்தப் பக்கம் தெரிந்துகொண்டிருந்தது.

“எனக்குக் கேக்கலை சாமி” என்றேன்.

“காதை வச்சுப் பாருங்க.”

“அதில்லை. எனக்குக் கேக்கறதே இல்லை. பஸ்ல அவன் சொன்னதும் கேக்கலை. நீ கூப்பிட்டதும் கேக்கலை.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ஜினை மறுபடி போட்டுவிட்டார்கள், காலுக்குக் கீழே அதிர்ந்தது. எல்லோரும் வண்டிப் பக்கம் போனார்கள். அவள் போகவில்லை.

“அப்பா, அன்னைக்குப் பாத்திரம் கழுவறப்ப நான் சொன்னது?”

“அது கேட்டுதே. கோட்டு வாங்கறேன்னு சொன்னே.”

“கோட்டா?”

“பனிக்குப் போட்டுக்கற கோட்டு. மாப்பிள்ளை பாத்துட்டிருந்தாரே. அதான் இந்த வயசுல எதுக்குன்னேன்.”

சுகந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் என் வலது காதோரம் வந்து, அந்தப் பனி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திச் சொன்னாள்.

“எனக்கு நாலாவது மாசமுங்கப்பா. அதைத்தான் சொன்னேன். நீங்க வேண்டாம்னுட்டீங்க.”

இரண்டு தடவை கரு கலைந்து போய், இனி வைத்தியமே வேண்டாம் என்று விட்டவள். முப்பத்தாறு வயதில் பயந்து பயந்து அப்பனிடம் வந்து சொல்லியிருக்கிறாள். இந்த வயதில் எதற்கு, வேண்டாம், வீண் செலவு என்று நான் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். காரில் மாப்பிள்ளையிடம், அதில் மாற்றமில்லை என்று வேறு.

சந்தோஷமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாயில் வந்தது இதுதான்: “நாலு மாசத்தை வச்சுக்கிட்டு இந்த வழுக்கற எடத்துல எதுக்கு நிக்கறே? என்னைத் தேடி அந்த ஏரிக்கரை பூராவும் எதுக்கு நடந்தே?”

“டாக்டரைக் கேட்டுட்டுத்தானுங்க வந்தேன். நீங்க டிக்கெட் மாத்தச் சொன்னீங்க. போறதுக்கு முன்னாடி இதையாவது உங்களோட பாக்கலாம்னுதான்.”

திரும்பும்போது முன்சீட்டுப் பெண்ணிடம் சொல்லி இடம் மாற்றிக்கொண்டேன். சுகந்தி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். காலினிடம் இறங்கும்போது சாரி சொன்னேன். அவன் பதிலுக்கு என்ன சொன்னான் என்று தெரியவில்லை. கையை மட்டும் பிடித்துக் குலுக்கினான்.

ஜூலை 21, திங்கள்

மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சுகந்தியே சொல்லிவிட்டாள். அவர் என் முன்னால் வந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, “தாடியை எடுத்துடட்டுங்களா மாமா?” என்றார். எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார். மோவாய் சின்னதாக இருக்கிறது. பேச்சு பரவாயில்லை.

ஆனால் இன்றைக்கு எனக்குக் கோபம் வேறு இடத்தில். காது டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, எத்தனை நாளாக இப்படி என்று மாப்பிள்ளை கேட்டார். இங்கே வந்த பிறகுதான் என்றேன். சுகந்தி எனக்கு எதிரில் நகர்ந்து வந்தாள்.

“அம்மாவுக்குத் தெரியுமுங்கப்பா. பத்து வருசமாத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“உங்களுக்குக் காது மந்தம்னு. தெரிஞ்சா மில்லை விட்டுருவீங்க, மில்லை விட்டா ஒடைஞ்சு போயிருவீங்கன்னு உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னுட்டாங்க. யாரு வந்து பேசினாலும் உங்க பக்கத்துல வந்து நின்னுக்குவாங்களே. அவிய சொன்னதை மறுபடி சொல்லுவாங்களே.”

சொல்லுவாள். பால்காரன் நாளைக்கு வரமாட்டானாம் என்பாள். தம்பி பொண்ணுக்குத் தைமாசம் கல்யாணமாம் என்பாள். பால்காரன் என் முன்னால்தான் நிற்பான், தம்பி என் முன்னால்தான் உட்கார்ந்திருப்பான். எனக்குத்தான் காது இருக்கே, நீ எதுக்குக் கிளிப்பிள்ளையாட்டம் ஒப்பிக்கறே என்று எத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன். அதற்கும் ஒன்றும் சொல்லமாட்டாள். அடுத்த ஆள் வந்தால் மறுபடியும் வந்து நின்றுகொள்வாள்.

என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா? பத்து வருஷம். ஒரு நாள் உட்கார வைத்து, இந்தாங்க, உங்களுக்குக் காது போயிட்டிருக்கு என்று சொல்லியிருந்தால் நான் என்ன, உடைந்தா போயிருப்பேன்? சத்தம் போட்டிருப்பேன். இல்லவே இல்லை என்று சாதித்திருப்பேன். சரி, அப்படியும் சொல்லியிருக்கலாம். போகும்போதாவது சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் கடைசி நாளில் அவள் என்னவோ சொன்னாள். நான் “சரி, சரி” என்றேன். அது என்ன என்று இன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் பக்கத்தில் இருந்தாள், அவளிடம்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ராத்திரி சாப்பிடவில்லை. யார் மேல் கோபம் என்று சுகந்தி கேட்டாள். உங்கம்மா மேல் என்றேன்.

ஜூலை 23, புதன்

டிக்கெட்டை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாற்றவே இல்லையாம்.

ஜூலை 25, வெள்ளி

காது பரிசோதனை. சுகந்தியும் வந்தாள். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் என்னை மட்டும் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். பீப் என்று சத்தம் வரும், எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் சரி, கேட்டால் அழுத்த வேண்டும். சொன்ன பெண் நல்லவள், என் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்து சொன்னாள்.

முதலில் இரண்டு மூன்று கேட்டது. அழுத்தினேன். அப்புறம் ஒன்றுமே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எதையோ திருகிக்கொண்டிருப்பது தெரிந்தது. இந்நேரம் ஒன்று வந்திருக்கும் என்று நினைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் ஒன்று. அவள் கை அசைகிற கணக்கைப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன். நன்றாகத்தான் போகிறது என்று தோன்றியது. பரீட்சையில் பாஸாகிவிடுகிற நிம்மதி.

அவள் நிறுத்தினாள். காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. சுகந்தியிடம் என்னவோ கேட்டாள். சுகந்தி எழுந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

நான் ஹெட்போனைக் கழற்றினேன். கதவைத் திறந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நான் தப்பாக அழுத்திவிட்டேன், முதலிலிருந்து வையுங்கள் என்று சொன்னேன். அந்தப் பெண் தலையசைத்தாள்.

இந்தத் தடவை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவள் கை தெரியாதபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கேட்டபோது மட்டும் அழுத்தினேன். நெடுநேரம் கை சும்மா இருந்தது.